பல்செட்டும் இலவசம்தான்: மலையில் வாழும் முதியோருக்கான திட்டம்

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான ஒரு லயத்தில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து, நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தித்தான் விழுங்குவார். முந்தானை முடிச்சில் எப்போதும் இரண்டு கிராம்பு இருக்கும். மிஞ்சியிருக்கும் ஒற்றைக் கடைவாய்ப் பல் இரவில் குத்தும்போது ஒன்றை எடுத்து இடுக்கிக்கொள்வார். முதியோர் முகாமுக்குப் போனார், கைத்தடி வாங்கிவந்தார். பல்லைப் பற்றி மட்டும் அங்கே வாய் திறக்கவில்லை. வயதானால் பல் விழத்தானே செய்யும் என்பது அவர் நினைப்பு.

கைத்தடி தரும் அதே திட்டத்தின் பட்டியலில் செயற்கைப் பல்செட்டும் இருக்கிறது. ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற அந்த மத்திய அரசுத் திட்டம் 2017 ஏப்ரலில் தொடங்கியது. கைத்தடி, ஊன்றுகோல், நடைச் சட்டம், சக்கர நாற்காலி, காதுகேட்கும் கருவி, மூக்குக் கண்ணாடி, பல்செட் எல்லாமே இதில் இலவசம். 60 வயது நிறைந்திருக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவராகவோ, மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாதவராகவோ இருந்தால் போதும். ஒருவருக்கு ஒரு பொருள்தான் என்ற கட்டுப்பாடும் இல்லை. காதும் மந்தம், பல்லும் இல்லை என்றால் இரண்டுக்கும் கேட்கலாம். பயனாளிகளை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு தேர்வு செய்கிறது. முகாம் தேதி தெரியாவிட்டால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அதில் 'பல் இல்லை, பல்செட் வேண்டும்' என்றே எழுதுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, புகைப்படம் கையில் இருக்கட்டும்.

ஆனால் பல்செட் வலிக்கு மருந்தல்ல. சொத்தைப் பல்லும் சீழ் பிடித்த வேரும் வாயில் இருக்கும்போது அதைப் பொருத்த முடியாது. முதலில் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போக வேண்டும். பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, ஈறு ஆறச் சில வாரங்கள் விட்டு, பிறகுதான் அச்சு எடுப்பார்கள். அதன்பின் வாயை மூடும்போது தாடைகள் சேரும் அளவை எடுப்பது, மெழுகில் வைத்துப் பார்ப்பது, பொருத்துவது, உரசும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வது என்று நாலைந்து முறை போய்வர வேண்டியிருக்கும். பந்தலூரிலிருந்தோ கூடலூரிலிருந்தோ மலைப் பாதையில் இத்தனை முறை அலைவது முதியவருக்குப் பெரும்பாடு. பலர் பாதியில் விடுவது இதனால்தான். அச்சு எடுக்கும் நாளிலேயே அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். முதல் இரண்டு முறையாவது வீட்டில் ஒருவர் கூடப் போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் பல் பிடுங்கும் முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

எல்லா வாய்வலியும் பல்வலி அல்ல. பனிக்காற்று பட்டதும், முகம் கழுவும்போதும் கன்னத்தின் ஒரு பக்கத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சில நொடி சுரீரென்று இழுத்தால், அது முக நரம்பின் வலியாக இருக்கலாம். அதைப் பல்வலி என்று நினைத்து நல்ல பல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. வலி நின்றிருக்காது. அதற்குத் தனி மாத்திரை இருக்கிறது. வெற்றிலை, புகையிலை போடும் பழக்கமுள்ளவர்கள் வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் புண் ஆறாவிட்டாலும் முகாமுக்குக் காத்திருக்கக் கூடாது, மறுநாளே போய்க் காட்ட வேண்டும். புற்றுநோய் என்று தெரியவந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறலாம். எங்கே போவது என்று புரியாவிட்டால் 104 என்ற எண்ணில் கேளுங்கள். முதியோருக்கென்றே 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

வயோஸ்ரீ திட்டத்தில் தரும் பொருளுக்கு ஓராண்டு இலவசப் பராமரிப்பு உண்டு. புதுப் பல்செட் ஈறில் உரசினால் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடாமல் அதைச் சரிசெய்யக் கேளுங்கள். வாங்கிய அன்று தரும் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.