ஓடத்து எஞ்சின் வண்டியில் ஏறினால்

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் போனால் மீன் வாடையைவிட டீசல் வாடைதான் தூக்கலாக இருக்கும். விசைப்படகுகளின் வயிற்றிலிருந்து எஞ்சின்களைச் செயின் பிளாக் போட்டுத் தூக்கி, மரக்கட்டைகளின் மேல் உட்கார வைத்திருப்பார்கள். அப்படி ஒரு பட்டறையில் நின்றபோது கூட வந்த தங்கை மகன் கேட்டான்: "மாமா, இது லாரி எஞ்சின் மாதிரியே இருக்கே. நம்ம பழைய ஜீப்புல வெச்சா ஓடுமா?"

பையனின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அசோக் லேலண்ட் லாரி எஞ்சினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றிப் படகில் வைப்பது நம் கரையில் பழகிய விஷயம். வண்டி ஓடத்தில் ஏறிவிட்டது. ஓடம் வண்டியில் ஏறுமா என்பதுதான் அவன் கேள்வி.

ஏறும். அமெரிக்காவில் பழைய காரைப் பிரித்து, பெரிய எஞ்சின் பூட்டி, ஹாட் ராட் என்று ஓட்டுகிறவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். செவ்ரோலே கம்பெனி 1955-ல் காருக்காகக் கொண்டுவந்த வி8 எஞ்சின், பின்னாளில் 5.7 லிட்டர் அளவில் மெர்குரூயிசர் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான படகுகளில் ஏறியது. படகு மக்கிப்போன பிறகு அதே எஞ்சினைக் கழற்றிக் காருக்கே திரும்பக் கொண்டுவருகிறார்கள். சிலிண்டர்களைத் தாங்கும் உடலான பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்பம். வித்தியாசம், அந்த எஞ்சின் எப்படி உழைத்தது, எந்தத் தண்ணீரைக் குடித்தது என்பதில்.

முதலில் உழைப்பு. சின்னக் கார் ஒன்று சமதளச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போக 15 குதிரைத்திறன் இருந்தாலே தாராளம். எஞ்சினின் மீதி பலம் தூங்கிக்கொண்டிருக்கும். பாலத்திலிருந்து இறங்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி தானாக உருளும். படகுக்கு இந்தச் சுகமே கிடையாது. கடலில் இறக்கம் என்று ஒன்று இல்லை. துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை மேடு ஏறுகிற லாரி மாதிரிதான் அதன் பாடு. விசிறி தண்ணீரைத் தள்ள வாங்கும் பலம், சுற்று வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். அதாவது வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு பலம் வேண்டும். திருப்பிப் பார்த்தால், முழு வேகத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே வேண்டிய பலம் பாதியாகிவிடும். விவரமான டிரைவர் த்ராட்டிலைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பதில் இந்தக் கணக்கு இருக்கிறது.

இப்படி மணிக்கணக்காக ஒரே வேகத்தில் இழுப்பதற்காகவே படகு எஞ்சினின் கேம் ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, அமைந்திருக்கும். கீழ் வேகத்திலும் நடு வேகத்திலும் நல்ல இழுவை, உச்சியில் பாய்ச்சல் குறைவு. ஹாட் ராட்காரருக்குப் பிடிக்காத குணம் இது. அமெரிக்கப் பெட்ரோல் படகுகளில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே புகைக்குழாயிலேயே கடல்நீரைக் கலந்து, சூட்டைத் தணித்து, பின்பக்கமாக வெளியே விடுகிறார்கள். காரின் ரேஸ் கேம் போல இரண்டு வால்வும் நீண்ட நேரம் ஒன்றாகத் திறந்திருந்தால், புகை பின்வாங்கும்போது அந்தத் தண்ணீரும் சிலிண்டருக்குள் வந்துவிடும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். நம் விசைப்படகுகளில் புகைக்குழாய் பெரும்பாலும் கூரைக்கு மேலே போவதால் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது தண்ணீர். விஷயமே இதில்தான் என்பேன். கார் எஞ்சின் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, 90 டிகிரி செல்சியஸ் அருகில் வேலை செய்யும். படகைச் சுற்றித்தான் கடலே இருக்கிறதே, ரேடியேட்டர் எதற்கு? சில எஞ்சின்களில் கடல்நீரை உறிஞ்சி நேராக பிளாக்குக்குள் ஓடவிட்டு வெளியே துப்பிவிடுவார்கள். ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. சூடு ஏற ஏற அதிலுள்ள கால்சியம் உப்புகள் பிரிந்து இரும்பில் ஒட்டிக்கொள்ளும். போர் தண்ணீரைக் காய்ச்சுகிற அண்டாவின் அடியில் பார்த்திருப்பீர்களே, அதே வெள்ளைப் பூச்சு. அதைத் தவிர்க்கத்தான் இவ்வகை எஞ்சினை 60 டிகிரி அளவிலேயே வைத்திருக்கும் தெர்மோஸ்டாட்டைப் போடுகிறார்கள். அதை அப்படியே காரில் பூட்டினால் எஞ்சின் சரியாகச் சூடேறாது, எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகாமல் சேறு கட்டும். தெர்மோஸ்டாட்டை மாற்றியே ஆகவேண்டும்.

இன்னொரு வகையில், நல்ல தண்ணீர் பிளாக்குக்குள்ளேயே சுற்றும், கடல்நீர் பக்கத்தில் ஒரு குழாய்க் கூட்டுக்குள் ஓடி அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். இந்த எஞ்சினுக்கு ஆயுசு கெட்டி. வண்டிக்கு வாங்குவதென்றால் இதைத்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவில் பழைய படகு எஞ்சின் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே, ஏரியில் ஓடியதா கடலில் ஓடியதா என்பதுதான்.

சுற்றும் திசை இன்னொரு கண்ணி. இரட்டை எஞ்சின் படகுகள் சிலவற்றில் ஒரு பக்கமாக இழுக்காமல் இருக்க, ஒரு எஞ்சினை எதிர்த்திசையில் சுற்றும்படியே செய்திருப்பார்கள். தெரியாமல் அதை வாங்கிக் காரில் வைத்தால் பின்னால் போக நாலு கியர், முன்னால் போக ஒரே கியர்! கேம், ஸ்டார்ட்டர், ஆயில் சீல் வரை மாற்ற வேண்டிய வேலை.

மற்றவை சில்லறை வேலைகள், ஆனால் பணம் தின்னும். படகு கியர்பாக்ஸ் முன்னே, பின்னே, நடு என்பதோடு முடிந்துவிடும், மிதிக்கும் கிளட்ச் கிடையாது. அதனால் கிளட்ச் பொருந்தும் கனச் சக்கரமான ஃப்ளைவீலை மாற்ற வேண்டும். புகையை வெளியே கொண்டுபோகும், தண்ணீர் ஓடும் உறை போட்ட மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, சாதாரணமானதைப் போட வேண்டும். டீசலானால் கவர்னரையும் பார்க்க வேண்டும். படகுக் கவர்னர், அலை தூக்கினாலும் இறக்கினாலும் வைத்த வேகத்தைப் பிடித்து நிற்கிற பிடிவாதக்காரன். ஜீப்பில் அதை வைத்து லேசாக மிதித்தாலும் வண்டி குதிரை மாதிரி துள்ளும். அப்புறம் ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அதில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது.

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் மெக்கானிக் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து, பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர்ப் பாதையை அடைத்திருந்த சின்ன மூடியான கோர் பிளக்கைத் தட்டிக் காட்டினார். பித்தளை, பச்சை பூத்திருந்ததே தவிரக் கெட்டியாக இருந்தது. பக்கத்தில் யாரோ அவசரத்துக்கு அடித்த இரும்பு பிளக் ஒன்று. லேசாகத்தான் குத்தினார். பப்படம் மாதிரி உள்ளே போனது. செம்மண் நிறத்தில் தண்ணீர் கொஞ்சம் வழிந்து, பின்னாலேயே துருச் செதில்கள் வந்தன.

பையன் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, அப்போ ஆத்துல ஓடின எஞ்சின் எங்கயாவது கிடைக்குமா?"

மெக்கானிக் கையைத் துடைத்தபடி கெடிலம் இருக்கும் பக்கம் பார்த்தார். மே மாத நடுப்பகுதி. "மொதல்ல அதுல தண்ணி ஓடட்டும் தம்பி."