அவசரமாக வந்த மருந்தும் நியாயமான அச்சமும்

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவ ஆய்வுகளைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தின் பல வடிவங்களாகவே இருந்தன. பத்தாண்டுகள் பிடிக்கும் என்று சொல்லப்பட்ட தடுப்பூசி ஓராண்டுக்குள் வந்துவிட்டது என்றால், இடையில் எதையோ விட்டுவிட்டுத்தானே வந்திருக்க வேண்டும்? மருந்தாய்வுகளில் பங்கேற்கும் மருத்துவன் என்ற முறையில், இதை முழுக்க நியாயமான கேள்வியாகவே கருதுகிறேன். கேட்டவரை அறியாதவர் என்று ஒதுக்கிவிட்டு, அதற்குப் பதில் சொல்லாமல் நகர்ந்த மருத்துவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம்.

வழக்கமான காலத்தில் ஓர் ஆய்வு இழுத்துக்கொண்டே போவதற்குப் பெரும்பாலும் காத்திருப்புதான் காரணம். நிதிக்காகக் காத்திருக்க வேண்டும், அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும், தன்னார்வலர்கள் வந்து சேரக் காத்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து பயன் தருகிறதா என்று கணக்கிடும் அளவுக்கு நோய் கண்டவர்களின் எண்ணிக்கை சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஃபைசர்-பயோஎன்டெக் தடுப்பூசியின் இறுதிக்கட்ட ஆய்வில் 40,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். ஆனால் அதன் பயனை முடிவு செய்தது அவர்களில் நோய் கண்ட 170 பேரின் கணக்குதான்: தடுப்பூசி பெற்ற பிரிவில் 8 பேர், பிளாசிபோ (மருந்தில்லாத போலி ஊசி) பெற்ற பிரிவில் 162 பேர். நோய் அரிதாக இருக்கும் காலத்தில் இந்த 170 பேர் சேர ஆண்டுகள் ஆகியிருக்கும். 2020-இல் தொற்று பரவிய வேகத்தில் சில மாதங்களே போதுமானதாக இருந்தது. ஆய்வு முடிவதற்கு முன்பே உற்பத்தியைத் தொடங்கியதும் உண்மைதான். ஆய்வு தோற்றிருந்தால் தயாரித்த அத்தனையையும் கொட்டிவிட வேண்டியிருக்கும், அதில் நட்டம் பணத்துக்குத்தான்.

சுருக்கவே முடியாத ஒன்றும் உண்டு. ஊசி போட்டு ஓராண்டு கழித்து உடலில் என்ன நடக்கிறது என்பதை மூன்று மாதத்தில் யாராலும் அறிய முடியாது. அவசரகால அனுமதி கோருவதற்கு முன், பங்கேற்றவர்களில் பாதிப் பேரையாவது கடைசி டோஸுக்குப் பிறகு இரண்டு மாதங்கள் கண்காணித்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விதித்தது. தடுப்பூசியின் கடுமையான பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை முதல் சில வாரங்களிலேயே தலைகாட்டிவிடும் என்ற நெடுநாள் அனுபவமே அதற்கு அடிப்படை.

2020 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு-அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசியின் ஆய்வு, பங்கேற்ற ஒருவருக்குக் காரணம் புரியாத உடல்நலக் குறைவு ஏற்பட்டதால் இடைநிறுத்தப்பட்டபோது பலரும் கலங்கினார்கள். உள்ளிருந்து பார்க்கும் எனக்கு அது, கண்காணிப்பு வேலை செய்கிறது என்று ஆறுதல் அளித்த செய்தி. ஆய்வில் பங்கேற்பவர் சாலை விபத்தில் கால் முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தாலும், அதைக் கடுமையான பாதக நிகழ்வு என்று பதிவு செய்து, பொதுவாக 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஊசிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆய்வு செய்யும் மருத்துவரே முடிவு கட்டி அதை விட்டுவிட முடியாது. அவர் தலைசுற்றி விழுந்திருக்கவும் கூடும் அல்லவா? நான் பரிசோதிக்கும் தன்னார்வலருக்குச் செலுத்தப்பட்டது மருந்தா பிளாசிபோவா என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. யாருக்கு எது செலுத்தப்பட்டது என்ற பட்டியலைத் திறந்து பார்த்து, ஆய்வைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று பரிந்துரைக்கும் பொறுப்பு தனியான கண்காணிப்புக் குழுவுக்கு உரியது.

இத்தனைக்குப் பிறகும் ஆய்வின் கண்ணில் படாதவை இருக்கும். 30,000 பேரிடம் ஒரு பக்கவிளைவு ஒருமுறைகூடத் தென்படவில்லை என்றால், அது 10,000 பேரில் ஒருவருக்கு வரும் வாய்ப்பை மறுக்க முடியாது என்பதே புள்ளியியல் கணக்கு. ஜான்சன் தடுப்பூசி அமெரிக்காவில் ஏறத்தாழ 68 லட்சம் டோஸ்கள் போடப்பட்ட பிறகு, ஆறு பெண்களுக்கு ஏற்பட்ட அரிய வகை ரத்த உறைவைக் கவனித்து, 2021 ஏப்ரலில் அதைத் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னார்கள். எத்தனை கவனமாக நடத்தப்பட்ட ஆய்விலும் இது உறுதியாகத் தெரியவந்திருக்காது. ஆகவேதான், "முற்றிலும் பாதுகாப்பானது" என்று மேடையில் முழங்கியவர்கள், பின்னால் வந்த நம்பிக்கையின்மைக்குத் தாங்களே விதை போட்டார்கள் என்று சொல்வேன். இவ்வளவு பேரில் இத்தனை பேருக்கு வரலாம், நோயால் வரும் ஆபத்து இவ்வளவு என்று சொல்லியிருந்தால் மக்கள் புரிந்துகொண்டிருப்பார்கள்.

உண்மையில் எனக்கு அச்சம் தந்தது, ஒப்பீட்டு ஆய்வே இல்லாமல் புழக்கத்துக்கு வந்த மருந்துகள்தான். மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கொரோனாவுக்குக் கொடுக்க 2020 மார்ச்சில் அமெரிக்காவில் அவசரகால அனுமதி கிடைத்தது, ஜூனில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த மருந்தால் தீங்கு நேர்வதாக, 96,000 நோயாளிகளின் தரவு என்று சொல்லி மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையும், அந்தத் தரவைச் சரிபார்க்க முடியாததால் இரண்டே வாரங்களில் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆதரித்தவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் அப்போது அவசரம்தான் முந்தி நின்றது. குழப்பத்தைத் தீர்த்தது, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட பிரிட்டனின் ரெகவரி ஆய்வு. அந்த மருந்தால் பயனில்லை என்று காட்டிய அதே ஆய்வுதான், டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்றும், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை என்றும் கண்டது. இரண்டாவது பாதியைக் காதில் வாங்காமல், காய்ச்சல் கண்ட முதல் நாளே ஸ்டீராய்டை விழுங்கிவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆய்வில் சேர விரும்புவோர் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று நிதானமாகப் படிக்கலாம். எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. பக்கவிளைவுகள் என்னென்ன என்று பெரும்பாலும் எல்லோரும் கேட்கிறார்கள். ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு என்று கேட்பவர்கள் குறைவு. அதற்கான பதில் படிவத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.