ஒரு பாடத்துக்கு எத்தனை ஆப் திறக்க வேண்டும்?

ஐடிஐ எலக்ட்ரீசியன் பிரிவில் பாடம் எடுக்கிறேன். ‘வீடியோ, நோட்ஸ் எல்லாம் ஆன்லைனில் போட்டாச்சு, பசங்கதான் படிக்க மாட்டேங்கிறாங்க’ என்ற புலம்பலை ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கிறேன். படிக்கிறவர்களும் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள்; மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரன்டைக் குறைக்கிற அமைப்பு இது. ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் சுருள்களை இணைக்கும் இரண்டு விதங்கள். மூன்று கான்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ஒரு டைமர், அதிக கரன்ட் போனால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே, மோட்டாரின் ஆறு முனைகள். மோட்டார் ஸ்டாரில் கிளம்பி, சில விநாடிகளில் டெல்டாவுக்கு மாற வேண்டும். ஸ்டார், டெல்டா கான்டாக்டர்கள் இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கிவிட்டால் ஷார்ட் சர்க்யூட். ஒன்று இயங்கும்போது மற்றதை இயங்கவிடாமல் அதைத் தடுக்கத்தான் இன்டர்லாக். பாடமே கனமானது.

இது மாணவனின் போனுக்கு எப்படிப் போகிறது? வீடியோ யூடியூபில். சர்க்யூட் படம் டிரைவில், பிடிஎஃப்பாக. அதன் விளக்கம் இரண்டு பக்கம் தள்ளி. டெஸ்ட் கூகுள் ஃபார்மில். கடைசித் தேதி வாட்ஸ்அப் குரூப்பில், குட்மார்னிங் படங்களுக்கு நடுவே. லாகின் செய்ய ஓடிபி வேண்டும். அது வேலைக்குப் போன அப்பாவின் போனுக்குப் போகும்.

ஒரு மாணவன் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வீடியோவில் ‘இந்த என்சி கான்டாக்ட்டை’ (சாதாரண நிலையில் மூடியிருக்கும் இணைப்பு) என்று குரல் வந்ததும் நிறுத்துகிறான். பிடிஎஃப்பைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, அந்தக் கான்டாக்ட்டைத் தேடுகிறான். திரும்பி வருவதற்குள், அது ஸ்டார் கான்டாக்டரின் என்சியா டெல்டாவுடையதா என்பது போய்விடுகிறது. மறுபடி வீடியோவைப் பின்னால் இழுக்கிறான். இன்டர்லாக் ஏன் என்று யோசிக்க வேண்டிய மூளை, எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதை நினைவில் வைப்பதிலேயே களைத்துவிடுகிறது.

புதிய விஷயங்களைக் கையாளும் செயல்நினைவு மிகச் சிறியது. ஒரே நேரத்தில் அதில் நிற்பது ஏறக்குறைய ஏழு விஷயங்கள் என்று 1956-ல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நான்கு அளவில்தான் என்று 2001-ல் நெல்சன் கோவன் வாதிட்டார். இந்த வரம்பை வைத்து ஜான் ஸ்வெல்லர் 1980-களில் வளர்த்ததே அறிவாற்றல் சுமைக் கோட்பாடு: பாடம் தரப்படும் விதமே மூளைக்குச் சுமையாகலாம் என்பது. அவரும் பால் சாண்ட்லரும் 1991-ல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்களில் ஆஸ்திரேலியாவின் எலக்ட்ரிக்கல் அப்ரண்டிஸ்களும் உண்டு, நம் பிள்ளைகளைப் போலவே. படம் ஓரிடம், விளக்கம் வேறிடம் என்று படித்தவர்களைவிட, படத்தின் மேலேயே விளக்கம் எழுதப்பட்டதைப் படித்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். பாடம் மாறவில்லை, வைத்த இடம்தான் மாறியது.

அதனால் நான் இப்போது சர்க்யூட் படத்தின் மேலேயே வேலை வரிசையை 1, 2, 3 என்று எழுதி, ஒரே பக்கமாகத் தருகிறேன். மோட்டாருக்கு மின்சாரம் போகும் பவர் சர்க்யூட் ஒரு நாள், கான்டாக்டர்களை இயக்கும் கன்ட்ரோல் சர்க்யூட் இன்னொரு நாள். வீடியோ ஒவ்வொன்றும் ஒரே ஒரு செயலைக் காட்டினால் போதும். டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். அறிவிப்பெல்லாம் ஒரே இடத்தில். அப்புறம், போனைக் கீழே வைத்துவிட்டு கன்ட்ரோல் சர்க்யூட்டைத் தாளில் வரையச் சொல்வேன். ‘புரிஞ்சுது சார்’ என்பது எவ்வளவு உண்மை என்று அங்கே தெரியும். 415 வோல்ட்டில் கை வைக்கப் போகிறவனுக்கு அரைகுறைப் புரிதல் ஆபத்து.

ஆன்லைன் பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகுதிநேர வேலைக்குப் போய்விட்டு இரவில் படிக்கிற பையனுக்கு, திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிற வீடியோ பெரிய துணை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். முதலாண்டுக்குத் தருகிற அதே விளக்கப் படத்தை, தேறிவிட்ட இரண்டாமாண்டு மாணவனிடம் தராதீர்கள். தெரிந்ததையே படிக்க வைப்பதும் சுமைதான். அவனுக்கு எழுத்தில்லாத வெறும் சர்க்யூட்டைக் கொடுங்கள், பழுது எங்கே என்று கேளுங்கள்.