இரண்டு எஃகுக் கட்டைகளுக்கு நடுவே ஒரு படை

பாகங்களாக வந்து நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மினியேச்சர் வீரர்களின் தொகுப்பை, அதாவது கிட்டை, வாங்கிப் பெட்டியைத் திறந்ததும் வீரனின் விலாப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். மார்புக் கவசமும் முதுகில் தொங்கும் மூட்டையும் எப்படிப்பட்ட தயாரிப்பிலும் ஓரளவு நன்றாகவே வந்துவிடும். அக்குளுக்குக் கீழே, சங்கிலிக் கவசம் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குத் திரும்புகிற இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடத்தில்தான் கிட்டின் குட்டு வெளிப்படும். நன்றாகத் திட்டமிட்ட கிட்டில் வளையங்கள் அங்கேயும் தொடரும். மற்றவற்றில் அவை பாதி வழியில் மழுங்கி, கரைந்துபோன சோப்புக் கட்டியின் எழுத்தைப் போல வெறும் மேடுபள்ளமாகிவிடும்.

செதுக்கியவரின் சோம்பல் என்று இதை நினைத்துவிடக் கூடாது. காரணம் அச்சில் இருக்கிறது.

இரு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு பொம்மையை இறுக்கிப் பிடித்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கைகள் எஃகால் ஆனவை. விரல்கள் மடங்காது, இரண்டும் நேர் எதிர்த் திசைகளில் மட்டுமே விலகும். பொம்மையின் முழங்கைக்கும் இடுப்புக்கும் இடையே எஃகு புகுந்திருந்தால், கைகளைப் பிரிக்கும்போது முழங்கை உடையும், அல்லது பொம்மை சிக்கிக்கொண்டு வெளியே வராது. பிளாஸ்டிக் மினியேச்சர் அச்சு இப்படித்தான் இயங்குகிறது. ஒவ்வொரு பாகத்தின் ஒவ்வொரு பரப்பும் முன்பாதிக்கோ பின்பாதிக்கோ நேராகத் தெரிய வேண்டும். அச்சு விலகும் திசைக்கு இணையான சுவர்களில் மேடு எதுவும் இருக்க முடியாது. இருந்தால் அது வழியை மறிக்கும். கவச வளையம் என்பதே ஒரு மேடுதான். விலாப்பக்கத்தில் அது மழுங்கிப்போவது அதனால்தான். வெறும் சுவர்கூடச் செங்குத்தாக இருந்தால் உராய்ந்து இழுக்கும் என்பதால், ஒரு டிகிரி அளவாவது சரிவு கொடுப்பது வழக்கம். 10 மி.மீ. ஆழத்துக்கு அது சுமார் 0.17 மி.மீ.தான், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பாகம் வழுக்கிக்கொண்டு வெளியே வர அது போதும்.

ஈயம், வெள்ளீயம் போன்ற உலோகங்களில் வார்த்த பழைய மினியேச்சர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவற்றின் அச்சு கந்தகமேற்றிய ரப்பரால் ஆனது; சுழலும் வேகத்தில் உருகிய உலோகம் மூலை முடுக்கெல்லாம் பாயும். ரப்பர் வளைந்து கொடுப்பதால் சற்று உள்வாங்கிய இடங்களிலிருந்தும் பொம்மையை உருவி எடுத்துவிடலாம். ஆனால் ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும். எஃகு அச்சு லட்சக்கணக்கில் வார்த்தாலும் தாங்கும். அதைச் செய்யத்தான் ஏராளமாகச் செலவாகும். முன்பெல்லாம் சிற்பி மூன்று மடங்குப் பெரிய உருவத்தைச் செதுக்குவார். பாண்டோகிராஃப் என்னும் கருவி அதைத் தடவிக்கொண்டே சிறிய அளவில் அச்சைக் குடையும். இப்போது கணினியில் செதுக்குகிறார்கள். எஃகைக் கணினி இயக்கும் குடைகருவியாலோ, செம்பு அல்லது கிராஃபைட் மின்முனையிலிருந்து தெறிக்கும் பொறியாலோ அரித்தெடுக்கிறார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வேறெங்கே பொருந்துகிறதோ இல்லையோ, இங்கே பொருந்தும். அச்சில் இருக்கும் குறை அதில் வார்த்த அத்தனையிலும் இருக்கும். பாகங்கள் கோத்திருக்கும் அந்தச் சட்டத்தை, அதாவது ஸ்ப்ரூவை, ஒன்றே ஒன்று எடுத்து விளக்கின் அடியில் சாய்த்துப் பார்த்தால் போதும். ஒளி மேலிருந்து விழக் கூடாது. பக்கவாட்டில், பரப்பைத் தடவிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் குழிவும் பிசிறும் நிழல் காட்டும்.

அந்த வெளிச்சத்தில் பிளாஸ்டிக் போன பாதையையும் படிக்கலாம். 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிய பாலிஸ்டைரீன், நூற்றுக்கணக்கான வளிமண்டல அழுத்தத்தில் ஸ்ப்ரூவின் தடித்த கம்பிகள் வழியே ஓடி, குறுகிய வாயில்கள் மூலம் பாகங்களுக்குள் புகுகிறது. பட்ட இடமெல்லாம் குளிர்ந்த எஃகு. ஒழுக்கு இரண்டாகப் பிரிந்து ஒரு துளையைச் சுற்றிவந்து மறுபக்கம் கூடும்போது, அதற்குள் சற்றே ஆறிவிட்டிருந்தால் முழுதாகக் கலக்காது. மயிரிழை போல ஒரு கோடு நிற்கும். வில்லின் தண்டிலோ ஈட்டியிலோ அந்தக் கோடு இருந்தால் முதலில் முறியப்போவது அந்த இடம்தான். தடித்த இடங்களில் வேறு சிக்கல். ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும்: இருமடங்கு தடிமன், நான்கு மடங்கு நேரம். வெளித்தோல் இறுகிய பின்னும் உள்ளே சுருங்கிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக், தோலை உள்ளிழுத்துக் குழி உண்டாக்கும். குதிரையின் உடலை இரண்டு உள்ளீடற்ற பாதிகளாகத் தருவது இதனால்தான். பிளாஸ்டிக்கை மிச்சம்பிடிக்க மட்டும் அல்ல.

அச்சு திறந்ததும் சிறு உலோகக் கம்பிகள் ஸ்ப்ரூவை வெளியே தள்ளும். அவை தொட்ட இடத்தில் வட்டத் தழும்பு விழும். அது கேடயத்தின் உட்புறத்திலோ ஒட்டி மறையும் பரப்பிலோ இருந்தால் வடிவமைத்தவர் யோசித்திருக்கிறார். மேலங்கியின் மடிப்புகளுக்கு நடுவே இருந்தால், ஒவ்வொரு வீரனுக்கும் குழியை நிரப்பும் புட்டி பூசித் தேய்க்கும் வேலை நம் தலையில் விழுகிறது. பிளாஸ்டிக் புகும் வாயில் எங்கே பாகத்தைத் தொடுகிறது என்பதும் அப்படித்தான். முகவாயில் தொட்டால் கட்டர் அங்கே ஒரு வடு விட்டுப் போகும். கழுத்தின் அடியில் தொட்டால் யாருக்கும் தெரியாது.

விலாப்பக்கச் சிக்கலுக்குத் திரும்புவோம். அதைத் தீர்க்க வழக்கமான வழி, உருவத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் அச்சில் அதற்கு ஏற்ற கோணத்தில் படுக்க வைப்பது. கை தனி, தலை தனி, மேலங்கி தனி. நுணுக்கம் கூடும், ஒட்டும் வேலையும் கூடும். இங்கேதான் படை திரட்டுகிறவரும் ஒற்றை உருவத்தைக் காட்சிக்கு வைப்பவரும் பிரிகிறார்கள். ஒரு வீரனுக்கு ஐந்து நிமிடம் என்றால் அறுபது பேருக்கு ஐந்து மணி நேரம். பதினைந்து நிமிடம் பிடித்தால் பதினைந்து மணி நேரம், அதுவும் தூரிகையைத் தொடும் முன்பே. மேசையில் மூன்றடி தூரத்திலிருந்து பார்க்கப்படும் சாதாரண ஈட்டி வீரனை ஒன்பது துண்டுகளாக்கும் கிட்டுகளைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தளபதிக்கு ஒன்பது துண்டு, சரி. சிப்பாய்க்கு நான்கு போதும்.

அளவு விஷயத்தில் பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 28 மி.மீ. என்பதைச் சிலர் பாதம் முதல் கண் வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரை. தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் கண் உள்ள மனிதனை 56இல் ஒரு பங்காக்கினால் 28.6 மி.மீ. வரும். ஆனால் அதே கணக்கில் 25 மி.மீ. தடித்த ஈட்டித் தண்டு 0.45 மி.மீ. ஆகும், 5 மி.மீ. தடித்த வாள் 0.1 மி.மீ.க்கும் குறையும். அவ்வளவு மெல்லிய இடத்தில் பிளாஸ்டிக் நிரம்புவதே கடினம், நிரம்பினாலும் முதல் ஆட்டத்திலேயே ஒடியும். எனவே பெரும்பாலான நிறுவனங்கள் ஆயுதங்களைப் பருமனாக்குகின்றன. எவ்வளவு பருமன் என்பதில்தான் வேறுபாடு. பழைய படையோடு புதியவர்களைச் சேர்க்க நினைப்பவர் உயரத்தை விட்டுவிட்டு மணிக்கட்டையும் தலையையும் ஒப்பிட வேண்டும். உயரம் ஒரு மில்லிமீட்டர் மாறினால் கண் மன்னித்துவிடும். இவன் முஷ்டி அவன் தலை அளவுக்கு இருந்தால் மன்னிக்காது.

பாகங்களைத் தொடும் முன் ஸ்ப்ரூவின் ஒரு மூலைக் கம்பியை வெட்டி மெல்ல வளைத்துப் பாருங்கள். நல்ல பாலிஸ்டைரீன் உடனே முறியாது. வளைந்த இடம் முதலில் வெளுக்கும். பாலிஸ்டைரீன் தன்னளவில் கண்ணாடி போல நொறுங்கக் கூடியது. அதனால் அதில் நுண்ணிய ரப்பர் துகள்களைக் கலக்கிறார்கள். வளைக்கும்போது அந்தத் துகள்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான நுண்விரிசல்கள் பிறந்து ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. வெளுப்பு அவை சிதறடிக்கும் ஒளிதான்.

அதே துண்டில் பிளாஸ்டிக் பசை ஒரு சொட்டு விடலாம். பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்களால் ஆன இது, பெயர்தான் பசை. பரப்பில் பின்னிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் தளர்த்திவிடுகிறது. இரு பாகங்களைச் சேர்த்து வைத்தால் அந்தச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிப் பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியாகிப் போனபின் அங்கே நடுவில் பசை என்று எதுவும் மிஞ்சாது, ஒரே பிளாஸ்டிக்தான். துளி பட்ட இடம் குழைந்து விரலில் ஒட்டினால் கவலையில்லை. மெழுகுபோல வழுவழுத்து, பசை பட்டும் அசையாமல் இருந்தால் அது பாலிஎத்திலீன் குடும்பம். அதில் பசையும் நிற்காது, வண்ணமும் உரிந்துபோகும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் ஏமாந்ததுண்டு. ஈட்டி வீரர்கள் நாற்பது பேர் கொண்ட ஒரு பெட்டியை வாங்கினேன். அழகான முகங்கள், கச்சிதமான பொருத்தம். முதல் பூச்சு அடித்தபோதுதான், அச்சின் இரு பாதிகளும் சற்றே விலகிப் பொருந்தியிருந்தது தெரிந்தது. அக்குளிலிருந்து முழங்கால் வரை, இருபுறமும், நகத்தால் வருடினால் தட்டுப்படும் ஒரு படி. விளக்கைச் சாய்த்துப் பார்க்காமல், முகங்களில் மயங்கியதற்குக் கிடைத்த கூலி. நாற்பது பேருக்கும் வலது பக்கத்தை மட்டும் அரத்தால் சீராக்கினேன். இடது பக்கத்தைக் கேடயம் மறைத்துக்கொண்டது.