சர்வீஸ் முடிந்த மறுநாள் எரியும் சிவப்பு விளக்கு

பழுதான என்ஜின்களைப் பிரித்துப் பார்த்து, காரணம் இதுதான் என்று அறிக்கை எழுதுவது என் தொழில். சில நேரம் காப்பீட்டு நிறுவனம் அழைக்கும், சில நேரம் பட்டறையே அழைக்கும். பெரும்பாலும் காரின் உரிமையாளர்தான் அழைப்பார். சர்வீஸ் முடிந்து வெளியே வந்த சில நாட்களிலேயே படுத்துவிட்ட என்ஜின்களும் என் மேசைக்கு வருவதுண்டு. அவற்றில் பலவற்றைப் பட்டறையில் நடந்த தவறு மட்டும் சாகடித்திருக்காது. தவறு தெரிந்த பிறகும், “பக்கத்தில்தானே பட்டறை, மெதுவாக ஓட்டிக்கொண்டே போய்விடலாம்” என்று கடந்த அந்தக் கொஞ்ச தூரம்தான் கதையை முடித்திருக்கும்.

என்ஜினின் நடுவே சுழலும் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்ட், அதைத் தாங்கும் உலோக வளையமான பேரிங்கின் மீது நேரடியாக உரசிச் சுழல்வதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவே இடைவெளி. அதில் அழுத்தத்தோடு ஓடும் ஆயில்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் நொடிக்கு முப்பது சுற்றுக்கும் மேல். ஆயில் அழுத்தம் போய்விட்டால் அந்த வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். ஆயில் குடுவை வடிவத்தில் எரியும் சிவப்பு விளக்கைப் பலர் முன்னெச்சரிக்கை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகுதான் அது எரியும். ஆகவே அது எரிந்தால் பாதுகாப்பாக ஓரங்கட்டி உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். மஞ்சள் நிறத்தில் எரிந்தால், பெரும்பாலும் ஆயில் அளவு குறைகிறது என்று பொருள். அப்போதும் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும், ஆனால் பதற வேண்டியதில்லை.

ஆயில் மாற்றும்போது நடக்கும் தவறுகளில் என்னை இன்னமும் வியக்கவைப்பது ஒரு ரப்பர் வளையம். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் கேஸ்கெட் சில சமயம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரைத் திருகினால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள் உட்கார்ந்துவிடும். பட்டறையில் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் ஒரு சொட்டுகூடக் கசியாமல் இருக்கலாம். மறுநாள் காலை, குளிர்ந்து கெட்டியான ஆயிலோடு கிளம்பிச் சற்று அழுத்தி மிதித்ததும் ஒரு வளையம் பிதுங்கி வெளியே வரும். ஆயில் முழுவதும் சில நிமிடங்களில் சாலையில் கொட்டிவிடும். கீழே பார்த்தால் ஃபில்டரின் விளிம்பில் ஒரு பக்கமாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். ஃபில்டரைக் கழற்றும்முன் அதைப் படம் எடுத்துவிட்டால், தவறு யாருடையது என்பதில் வாதத்துக்கே இடமிருக்காது.

இன்னொன்று, கேட்பவர்கள் நம்ப மறுப்பது. சில கார்களில் என்ஜின் ஆயிலை வடிக்கும் பிளக்கும் (அடியில் உள்ள திருகு மூடி) கியர்பாக்ஸ் ஆயிலை வடிக்கும் பிளக்கும் அருகருகே இருக்கும். அவசரத்தில் மெக்கானிக் கியர்பாக்ஸை வடித்துவிட்டு, மேலே என்ஜினில் புது ஆயிலை முழு அளவும் ஊற்றிவிடுவார். விளைவு, என்ஜினில் பழையதும் புதியதுமாக இரண்டு மடங்கு ஆயில், கியர்பாக்ஸ் காலி. கியர் பிடிக்காமல் வழுக்குவதும் பின்னால் புகை கக்குவதும் ஒரே நாளில் தொடங்கினால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். பெட்ரோல் காரில், புதிதாக மாற்றியதாகச் சொல்லும் ஆயில், அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் கறுப்பாக வந்தால் சந்தேகம் வலுக்கும். டீசல் காரில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே புது ஆயிலே சற்று நேரம் ஓடியதும் கறுத்துவிடும். நிறத்தை மட்டும் வைத்துப் பட்டறையோடு சண்டைக்குப் போய் அவமானப்பட்டவர்கள் உண்டு.

ஆயில் கூடுதலாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் மோதி அதை நுரையாக்கிவிடும். பம்ப் நுரையை உறிஞ்சினால் அழுத்தம் நிற்காது. உபரி ஆயில் காற்றுக் குழாய் வழியாக எரியும் அறைக்குள்ளும் போகும். டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காமல் ஓடும் அபாயம்கூட உண்டு. டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டை ஆயில் கொஞ்சம் தாண்டியிருந்தால் இவ்வளவும் நடந்துவிடாது. பல கார்களில் டிப்ஸ்டிக்கின் இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட அளவு ஏறத்தாழ ஒரு லிட்டர். அதை மனத்தில் வைத்துக்கொண்டால், எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைத் தோராயமாகக் கணித்துவிடலாம். சமதளத்தில் நிறுத்தி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும்.

என்ஜினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலன்ட்டை மாற்றிய பின் உள்ளே காற்று தங்கிவிடுவதும் உண்டு. வெப்பத்தை உணரும் சென்சாரைச் சுற்றி நீர்மம் இல்லாமல் காற்று இருந்தால், என்ஜின் கொதிக்கும்போதும் வெப்பமானியின் முள் சாதுவாகவே நிற்கலாம். என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது. தவறான கிரேடு ஆயிலை ஊற்றிவிட்டார்கள் என்பது இவற்றோடு ஒப்பிட்டால் சிறிய விஷயம். பெரும்பாலும் விரைவில் மாற்றச் சொன்னால் போதும், இழுவை வண்டி தேவைப்படாது.

என்ஜினை நிறுத்தியாயிற்று. அடுத்து கைப்பேசியை எடுங்கள். ஓடிய கிலோமீட்டர் தெரியும்படி விளக்குகளைப் படம் எடுங்கள். டிப்ஸ்டிக்கையும், காருக்குக் கீழே தரையில் சிந்தியிருப்பதையும் படம் எடுங்கள். சத்தத்தைப் பதிவு செய்வதற்காக மட்டும் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேரிங் தட்டும் சத்தத்தை முழுதாகப் பதிவு செய்துகொண்டு வந்து போட்டுக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடியோ எதிர்த்தரப்புக்குத்தான் பயன்பட்டது. காரை இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். பட்டறையோடு தொலைபேசியில் பேசியதையெல்லாம் ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவையுங்கள்.

சிக்கல் தொடங்குவதே இதற்குப் பிறகுதான். “ஒன்றும் ஆகியிருக்காது, வடித்துவிட்டு இலவசமாகவே புது ஆயில் ஊற்றித் தருகிறோம்” என்பார்கள். அதைச் சொல்பவர் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. பல நேரம் அவர் உண்மையாகவே அப்படி நம்புகிறார். ஆனால் வடித்துக் கொட்டப்படும் அந்த ஆயில்தான் உங்கள் கையில் இருக்கும் முக்கியமான சாட்சி. உங்கள் கண்முன் வடித்து, எத்தனை லிட்டர் என்று அளந்து, பட்டறையின் வேலைப் பதிவுத் தாளான ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். சுத்தமான பாட்டிலில் ஒரு மாதிரியைப் பிடித்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு மூடுங்கள். கழற்றிய ஃபில்டரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளில் உலோகச் செதில்கள் மின்னுகின்றனவா என்று தெரியும். ஆனால் இரும்பறுக்கும் ரம்பத்தால் வெட்டக் கூடாது. ரம்பத்தின் துகளே உள்ளே விழுந்து, எது என்ஜினிலிருந்து வந்தது, எது வெட்டியதில் வந்தது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். அதற்கென்று இருக்கும் வட்டக் கத்தியால்தான் வெட்ட வேண்டும். ஆயில் மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்தால், ஈயமும் செம்பும் வெள்ளீயமும் வழக்கத்தைவிடக் கூடியிருப்பது பேரிங் தேய்ந்ததைக் காட்டிக்கொடுக்கும்.

என்ஜின் சத்தமில்லாமல் ஓடுகிறது என்பதை நலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்ஜின் சூடான நிலையில் தனி மானியைப் பொருத்தி ஆயில் அழுத்தத்தை அளந்து, தயாரிப்பாளர் தந்திருக்கும் அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சிலிண்டரின் கம்ப்ரெஷனையும், அதாவது உள்ளே காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதையும், பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை இறக்கிச் சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கலாம். சற்று தூரம் ஓட்டிய பின் ஆயிலை இன்னொரு முறை மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பார்ப்பது நல்லது.

சர்வீஸுக்குப் பிறகு வரும் பழுதெல்லாம் சர்வீஸால் வருவதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஆயில் மாற்றாமல் கசடு சேர்த்து வைத்த என்ஜின், யார் கையில் கொடுத்தாலும் ஒருநாள் நின்றுவிடும். அதனால்தான் பிரிப்பதற்கு முன் முதல் பட்டறைக்குத் தேதி குறிப்பிட்டு எழுத்தில் தெரிவித்து, அவர்களையும் வரச் சொல்ல வேண்டும். அழைக்காமல் வேறு பட்டறையில் திறந்துவிட்டால், அங்கேதான் கெடுத்தார்கள் என்று சொல்ல வழி கிடைத்துவிடும்.

காரைத் திரும்ப எடுக்கும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். “முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்” என்று அச்சிட்டிருந்தால் அதன் கீழே அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். என்ன தவறு நடந்தது, அந்த நிலையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்னென்ன சோதனை செய்து என்ன அளவு கிடைத்தது, இதன் தொடர்ச்சியாகப் பழுது வந்தால் எவ்வளவு காலம் பொறுப்பேற்பார்கள் என்பதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், கையெழுத்தின் மேல் “என்ஜின் பாதிப்பு குறித்த உரிமை விட்டுக்கொடுக்கப்படவில்லை” என்று உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதிப் படம் எடுத்துக்கொண்டு காரை எடுங்கள்.