சூடாகாத ஷாக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்

ராமநகரத்துப் பாறைகளில் அரை நாள் ஏறி இறங்கிய ஜீப்பு ஒன்றை நிறுத்தியதும், அனுபவப்பட்டவர்கள் முதலில் குனிந்து நாலு ஷாக் அப்சார்பரையும் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்ப்பார்கள். மூன்று சுடும், ஒன்று ஜில்லென்று இருக்கும். புதிதாகப் பார்ப்பவர் சுடுகிற மூன்றும்தான் கெட்டுவிட்டன என்று நினைப்பார். விஷயம் நேர்மாறு. வேலை செய்யாமல் ஓபி அடித்துக்கொண்டிருந்தது அந்த ஜில்லென்ற ஒன்றுதான்.

ஏன் என்று புரிய, ஷாக் அப்சார்பர் வண்டியைத் தாங்குகிறது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். நாலு ஷாக்கையும் கழற்றிவிட்டாலும் வண்டி ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நிற்கும். பள்ளத்தில் அமுங்கும்போது ஸ்பிரிங் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது, உடனே திருப்பியும் தருகிறது. தடுக்க ஆள் இல்லாவிட்டால் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆற்றலை வாங்கி வெப்பமாக்கி வெளியே விடுவதுதான் ஷாக்கின் வேலை.

எவ்வளவு வெப்பம்? ஒன்றரை டன் வண்டி 10 சென்டிமீட்டர் கீழே இறங்கினால் சுமார் 1,470 ஜூல். நாலாகப் பிரித்தால் ஒரு ஷாக்குக்கு 370 ஜூல் போல. உள்ளே 300 மில்லி ஆயில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பள்ளத்துக்கு முக்கால் டிகிரி சூடு ஏறும். வெப்பம் வெளியேறாமல் இருந்தால் நூறு பள்ளத்தில் 75 டிகிரி. இது தோராயக் கணக்குதான். டயரும், ஷாக்கின் இரு முனைகளையும் வண்டியோடு இணைக்கும் ரப்பர் புஷ்களும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், குழாயின் மேல் வீசும் காற்றும் கொஞ்சம் கொண்டுபோகும். ஆனாலும் கல்லும் குழியுமான தடத்தில் ஷாக் ஏன் கையைச் சுடுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

உள்ளே நடப்பது இதுதான். ராடின் முனையில் ஒரு பிஸ்டன். அதில் சின்னச் சின்ன வழிகள், அவற்றை மூடியபடி மெல்லிய எஃகுத் தகடுகள் அடுக்கடுக்காக. பிஸ்டன் நகரும்போது ஆயில் அந்தத் தகடுகளை வளைத்துக்கொண்டு வெளியேற வேண்டும். எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு எதிர்ப்பு. பெரும்பாலும் அமுங்கும்போது கொஞ்சம் இளக்கமாகவும் விரியும்போது இறுக்கமாகவும் இருக்கும்படி அமைத்திருப்பார்கள். அமுங்கும்போதே முரண்டு பிடித்தால் கல்லில் வாங்கிய அடி அப்படியே உங்கள் முதுகெலும்புக்கு வரும். விரியும்போது விட்டுக்கொடுத்தால் ஸ்பிரிங் வண்டியைத் தூக்கிப் போடும். ‘கல்லு மாதிரி இருக்கு, அப்போ நல்ல ஷாக்’ என்று கடையில் பேசுவதை நம்பாதீர்கள்.

இனி கோளாறுக்கு வருவோம். பிஸ்டன் வேகமாக ஓடும்போது அதன் பின்பக்கம் அழுத்தம் விழுகிறது. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்ததுபோல ஆயிலில் குமிழிகள் கிளம்பும். ஆயிலை அமுக்க முடியாது, ஆனால் குமிழியை அமுக்கலாம். அதனால் பிஸ்டன் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் ஓடும். காலையில் நன்றாக இருந்த வண்டி மதியம் படகு மாதிரி ஆடுவது பெரும்பாலும் இதனால்தான்; சூட்டில் ஆயில் இளகிவிடுவதும் சேர்ந்துகொள்ளும். ஆறவிட்டால் சரியாகிவிடும். ஆறிய பிறகும் ஆடினால்தான் ஷாக் போய்விட்டது என்று அர்த்தம். இதற்கு மருந்தாக, ஆயிலுக்குப் பின்னால் மிதக்கும் பிஸ்டன் ஒன்றை வைத்து, அதற்கப்பால் நைட்ரஜனை அடைத்து எப்போதும் அழுத்திப் பிடிக்கும் ஒற்றைக் குழாய் ஷாக்கைப் பிரெஞ்சுக்காரரான டி கார்பன் உருவாக்கினார். 1950-களில் அது கார்களுக்கு வந்தது.

அந்த நைட்ரஜனை வைத்தே வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். வாயு அழுத்தம் 20 பார் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 20 மடங்கு), ராடு 14 மில்லிமீட்டர் என்றால் ராடை வெளியே தள்ளும் விசை சுமார் 30 கிலோ எடைக்குச் சமம். அதனால்தான் இவை ஒரு பட்டை கட்டியே பெட்டியில் வருகின்றன. பட்டையை அறுத்தால் ராடு தானாக நீள வேண்டும். அமுக்கிய இடத்திலேயே படுத்துக் கிடந்தால் வாயு போய்விட்டது. ஒரு எச்சரிக்கை: வாயு இல்லாத வெறும் ஆயில் ஷாக் எப்போதும் அப்படித்தான் கிடக்கும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் வாங்கியது எந்த வகை என்று பெட்டியைப் பாருங்கள்.

இரட்டைக் குழாய் ஷாக்கில் வேறு கதை. அதில் பிஸ்டன் ஓடும் உள்குழாயைச் சுற்றி, ஆயிலும் மேலே கொஞ்சம் காற்றுமாக ஒரு வெளிக்குழாய் இருக்கும். பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குப் பின்சந்தில் பட்டறை வைத்திருக்கும் தர்மபுரிக்காரர் ஒருவரிடம் ஒரு வாடிக்கையாளர், பெட்டியிலிருந்து எடுத்த புது ஷாக்கை ஆட்டிக் காட்டினார். பாதி தூரம் ராடு சும்மா ஓடி, ‘டொக்’ என்று நின்றது.

“அண்ணே, டூப்ளிகேட்டா கொடுத்துட்டானா?”

“இருங்க சார். லாரில படுக்க வெச்சே வந்திருக்கு, உள்குழாயில காத்து ஏறிடுச்சு” என்றவர், அதை நிமிர்த்திப் பிடித்து முழுக்க அமுக்கி, முழுக்க இழுத்து, திரும்பத் திரும்பச் செய்தார். கொஞ்ச நேரத்தில் சும்மா ஓடிய இடம் மறைந்து, ராடு ஒரே சீராக இழுத்தது. காற்று வெளிக்குழாயின் மேற்பகுதிக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான். எத்தனை முறை செய்தும் அந்த வெற்று ஓட்டம் போகவில்லை என்றால்தான் உள்ளே வால்வு போயிருக்கும். இந்த வகையைத் தலைகீழாக மாட்டினால் அதே காற்று வேலை செய்யும் இடத்துக்கே வந்துவிடும். ஒற்றைக் குழாய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

பலர் செய்கிற இன்னொரு சோதனை, பானட்டை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுவது. பழைய மாருதி ஜிப்ஸி போல, எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் இதை நம்பவே கூடாது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே மெதுவான ஆட்டத்தை அடக்கிவிடும். ஷாக் செத்திருந்தாலும் வண்டி சமர்த்தாக நிற்கும். உரசல் வேகத்தோடு வளர்வதில்லை. கல்லில் சக்கரம் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை துடிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். டயரில் மேடும் பள்ளமுமாகத் தேய்மானம் தெரிந்தால் அது நல்ல சாட்சி.

ஷாக் நல்லதாக இருந்து நீளம் தவறிப்போவதும் உண்டு. இரண்டு அங்குலம் உயர்த்திய வண்டிக்கு நீள ஷாக் போடுகிறோம். அதன் மூடிய நீளமும் கூடவே கூடிவிடும். சக்கரம் முழுக்க மேலேறும்போது அதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் முட்டுவதற்கு முன் ஷாக் முழுக்க மூடிக்கொண்டுவிட்டால், வண்டியின் அடி மொத்தமும் ராடில் விழும். ராடு வளையும், சீல் கிழியும், மேல் பிராக்கெட்கூடப் பிய்ந்து வரும். ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, பம்ப் ஸ்டாப் முட்டும் நிலையில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளியை டேப்பால் அளந்து பாருங்கள். ஷாக்கின் மூடிய நீளம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

வாரண்டி கேட்கப் போனால் “லிஃப்ட் பண்ணதாலதான் போச்சு” என்பார்கள். அந்த அளவும், ராடு தானாக நீளாததைக் காட்டும் ஒரு வீடியோவும் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். ராடின் மேல் மெல்லிய ஆயில் ஈரம் மட்டும் இருந்தால் அதைக் கோளாறாகக் காட்டாதீர்கள், சீல் நனைந்திருப்பது இயல்பு. சொட்டினாலோ, குழாய் முழுக்க வழிந்து மண் அப்பியிருந்தாலோதான் கசிவு.

மாற்றுவதென்றால் ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுக்க முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுகி நின்று, சீக்கிரம் கிழிந்துவிடும். ஜாக்கியை எடுத்து, சக்கரங்கள் தரையில் நின்ற பிறகே கடைசி முறுக்கைக் கொடுங்கள்.