மொன்றியல் டயரும் திருகோணமலை மாரியும்

நிலாவெளியில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மொன்றியலில் இருக்கும் அவருடைய தம்பி ஒவ்வொரு வருடமும் கார்த்திகை முடிவதற்குள் காரின் நான்கு டயரையும் கழற்றிவிட்டு வேறு நான்கு போடுகிறாராம். இங்கே ஒரு கடையில், ஜப்பானில் ஓடிய பழைய 'சினோ டயர்' (ஸ்னோ டயர், அதாவது பனிக்காலத்துக்கான டயர்) மலிவாகக் கிடைக்கிறதாம். பள்ளம் ஆழமாக இருக்கிறது, விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்குகிறது, மாரி மழைக்கு நல்லாய்ப் பிடிக்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

வேண்டாம். ஆனால் அந்த 'வேண்டாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் காரணம் இறப்பரின் மிக அழகான குணங்களில் ஒன்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி செய்வது சரி. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போடுவது சட்டம். வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் இறப்பர் விறைக்கத் தொடங்கும், வீதியின் மேடுபள்ளத்தோடு படியாது. குளிர்கால டயரின் கலவை அந்தக் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். அதன் பள்ளங்களுக்கு இடையே நிற்கும் இறப்பர்க் கட்டைகளில் நெளிநெளியாக நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்களும் இருக்கும். அவற்றின் விளிம்புகள் பனியைக் கடித்துக்கொள்ளும். நோர்வே போன்ற நாடுகளில் ஆணி பதித்த டயர்களும் ஓடுகின்றன. ஜப்பானிலும் ஒருகாலம் ஓடின. ஆணிகள் தார் வீதியைச் சுரண்டிக் கிளப்பிய தூசு நகரங்களில் தாங்கமுடியாமல் போகவே, 1990 இல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. ஆணி இல்லாத பனி டயர் அங்கே அவ்வளவு தூரம் வளர்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். நம்மூர்க் கடைக்கு வந்து சேர்ந்திருப்பதும் அந்த வகைதான்.

சரி, குளிரில் இறப்பர் விறைக்கும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. இறப்பர் என்பது நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் சிக்கல். சூட்டில் சங்கிலிகள் துடித்து நெளியும், குளிரில் அடங்கும், ஒரு கட்டத்துக்குக் கீழே கண்ணாடி போல உறைந்துவிடும். ஆனால் இயற்கை இறப்பர் அப்படி உறைவது ஏறத்தாழ மைனஸ் 70 பாகையில். கார் டயரில் கலக்கும் செயற்கை இறப்பர்கள் சில அதைவிடச் சற்று உயர்ந்த வெப்பநிலையில் உறையும் என்றாலும், அதுவும் தண்ணீரின் உறைநிலைக்கு வெகு கீழேதான். அப்படியிருக்க, வெறும் 7 பாகையில் ஏன் பயப்பட வேண்டும்?

இந்த இடம்தான் எனக்கு மிகப் பிடித்தது.

டயர் வீதியை இரண்டு வகையாகப் பிடிக்கிறது. ஒன்று, இறப்பரின் மூலக்கூறுகள் கல்லின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்வது. இடையில் தண்ணீர்ப் படலம் வந்துவிட்டால் இந்தப் பிடி பெரும்பாலும் போய்விடும். மழையில் நம்மைக் காப்பாற்றுவது இரண்டாவது பிடி. பிரேக் போட்டதும் டயரின் அடிப்பகுதி வீதியில் கொஞ்சம் சறுக்குகிறது. தாரில் இருந்து தலைநீட்டும் ஒரு சிறு கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். இறப்பர் அதன் மேல் ஏறும்போது கல்லின் முன்பக்கத்தில் அமுங்குகிறது. கல்லைத் தாண்டியதும் அமுங்கிய இறப்பர் உடனே பழைய உருவத்துக்குத் திரும்பாது, கொஞ்சம் தாமதிக்கும். அதனால் கல்லின் முன்பக்கத்தில் அழுத்தம் கூட, பின்பக்கத்தில் குறைவு. அந்த வித்தியாசம்தான் வாகனத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. இறப்பரின் இந்தச் சோம்பல்தான் ஈர வீதியில் நம்முடைய பிரேக்.

இப்போது வேகத்தைப் பாருங்கள். செக்கனுக்கு 1 மீற்றர் சறுக்கும் இறப்பர், 1 மில்லிமீற்றர் இடைவெளியில் இருக்கும் சிறு கற்களைக் கடந்தால் அதற்கு செக்கனுக்கு 1000 தடவை அடி விழும். கல்லின் மேலுள்ள மைக்ரோமீற்றர் அளவு சொரசொரப்பைக் கணக்கெடுத்தால் பத்து இலட்சம் தடவை. சிக்குப்பட்ட தூண்டில் நைலோனை மெல்ல இழுத்தால் இழை வழுகிப் பிரியும், வெடுக்கென்று இழுத்தால் இறுகி நின்றுவிடும். மூலக்கூற்றுச் சங்கிலிகளும் அப்படித்தான். நெளிந்து கொடுக்க அவற்றுக்கு நேரம் வேண்டும். நேரம் கொடுக்காமல் அடித்தால், குளிரில் இருப்பது போலவே விறைப்பாக நடந்துகொள்ளும். வேகமாக அடிப்பதும் குளிரூட்டுவதும் இறப்பருக்கு ஒன்றுதான்!

இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. எவ்வளவு வேகம் எத்தனை பாகை குளிருக்குச் சமம் என்று கணக்கிடும் சமன்பாட்டை வில்லியம்ஸ், லாண்டெல், ஃபெரி என்ற மூவர் 1955 இல் வெளியிட்டார்கள். வெவ்வேறு வேகத்திலும் வெப்பநிலையிலும் அளந்த இறப்பர் உராய்வுகளை அதே கணக்கால் நகர்த்தினால், எல்லாம் ஒரே வளைகோட்டில் வந்து விழுகின்றன என்று 1963 இல் க்ரோஷ் என்ற ஆய்வாளர் காட்டினார். அதனால்தான் ஆய்வுகூடத்தில் ஈரவீதிப் பிடியைக் கணிக்க, இறப்பரைச் சுமார் 0 பாகையில் வைத்து மெதுவாக ஆட்டி, அது எவ்வளவு சக்தியை விழுங்குகிறது, அதாவது எவ்வளவு சோம்பலாகத் திரும்புகிறது என்று பார்க்கிறார்கள். நம்முடைய 28 பாகை மழையில், தார்வீதி அடிக்கும் அடியில், டயரின் தோல் உணர்வது அந்த 0 பாகைக்குக் கிட்டத்தட்டச் சமமானது.

இனி கடைக்காரரின் விரலுக்கு வருவோம். விரலால் அழுத்துவது ஒரு செக்கன் எடுக்கும் சோதனை. வீதி செய்வதோ செக்கனில் ஆயிரத்தில், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரச் சோதனை. இரண்டுக்கும் ஒரே விடை வராது. குளிர்கால டயரின் கலவை, கடுங்குளிரில்தான் சக்தியை நன்றாக விழுங்கும்படி செய்யப்பட்டது. நமது வெக்கையில் அது அந்தக் கட்டத்தைத் தாண்டி, துள்ளித் திரும்பும் இறப்பராகிவிடுகிறது. சோம்பல் போய்விட்டால் பிடியும் போய்விடும். போதாக்குறைக்கு, கீறல் நிறைந்த கட்டைகள் சூட்டில் நெளியும், சீக்கிரம் தேயும். மெத்தென்ற டயர் ஈரத்தில் வழுக்குவது இதனால்தான்.

ஈரத்தில் சக்தியை விழுங்க வேண்டும், ஆனால் சாதாரணமாக உருளும்போது விழுங்கக்கூடாது, விழுங்கினால் பெற்றோல் வீண். இந்த முரணைத் தீர்த்தது, டயரைக் கறுப்பாக்கும் கரியோடு சேர்த்தும் அதற்குப் பதிலாகவும் கலக்கப்பட்ட சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். 1990களின் தொடக்கத்தில் மிஷலின் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. (நம்ம புல்மோட்டை மணலா என்று கேட்காதீர்கள், அங்கே தோண்டுவது இல்மனைட், ரூட்டைல் போன்ற கனியங்களுக்காக.)

ஒரு ஆதங்கம். 1876 இல் ஹெனரத்கொடவில் இறப்பர் கன்று நட்ட நாடு இது. அகலவத்தையில் இறப்பர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் நமது மாரியில், நமது தார் வீதியில், எந்தக் கலவை எப்படிப் பிடிக்கிறது என்று அளப்பதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்ற பேச்சை நான் கேட்டதில்லை. நனைந்த வீதியில் இறப்பர்த் துண்டைத் தேய்த்து ஆடும் ஊசல் கருவி ஒன்று போதும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாக மாணவர்களிடம் அதைக் கொடுத்தால், கந்தளாய் வீதியையும் கிண்ணியா வீதியையும் அளந்து வந்துவிடுவார்கள். இதற்குப் பெரிய தொகை தேவையில்லை, அக்கறைதான் தேவை.

அப்புறம், மழைக்கு டயரின் காற்றைக் குறைத்தால் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கை. புது வாகனத்தைப் பத்திரகாளி கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, அதனால் யாருக்கும் கேடில்லை. இது அப்படியல்ல, ஆளைக் கொல்லக்கூடியது. தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால், டயர் விலக்குவதற்குள் தண்ணீர் அடியில் புகுந்து வாகனத்தைத் தூக்கிவிடும். பிறகு ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. அந்த வேகத்துக்கு 1960களில் நாசா விமான டயர்களில் இருந்து ஒரு கணக்குக் கண்டது: பிஎஸ்ஐ அளவிலான காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று வரும். 30 பிஎஸ்ஐ என்றால் சுமார் 91, 20 ஆகக் குறைத்தால் 75 கூட இல்லை. பள்ளம் ஆழமாக இருந்தால் தண்ணீர் வெளியேற வழி இருக்கும், அந்த எல்லை இன்னும் உயரும். 1.6 மில்லிமீற்றர் என்பது ஐரோப்பியச் சட்டத்தின் கடைசி எல்லை. மாரிக்கு முன் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் நான் மாற்றிவிடுவேன்.

ஆகவே வாசகர் கடைக்குப் போனால் பக்கச்சுவரைப் பார்க்கட்டும். மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனிச்செதிலும் பொறித்திருந்தால், அல்லது 'ஸ்டட்லெஸ்' (ஆணி இல்லாத பனி டயர்) என்று எழுதியிருந்தால், அப்படியே வைத்துவிட்டு வரலாம். நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும்: 3521 என்றால் 2021 ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. பழைய டயர் எதுவாக இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்த பிறகே விலை கேளுங்கள்.